பெரிய டயர் போட்ட பழைய வண்டியில் இழுவையை மீட்பது

இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய எஸ்யூவிக்குப் பெரிய டயர் மாட்டியவர்கள் பட்டறையில் வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே புகார்தான்: வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. ஏற்காட்டு மலைப்பாதையில் மூன்றாம் கியரில் ஏறிய இடம் இப்போது இரண்டாம் கியர் கேட்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த முன்பைவிட நீளமான இடைவெளி வேண்டியிருக்கிறது. இந்தப் புகாருக்குக் கடைகளில் சட்டென்று கிடைக்கும் மருந்து எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றும் ரீமேப், இல்லாவிட்டால் கோன் ஃபில்டர், அதுவும் இல்லாவிட்டால் பெரிய சைலன்சர். எல்லாமே எஞ்சினிடம் இன்னும் கொஞ்சம் கேட்கும் வழிகள். ஆனால் அந்த வண்டியில் குறைந்தது எஞ்சினின் சக்திதான் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்வது தவறு. காணாமல் போன இழுவையில் ஒரு பங்கை டயர் எடுத்துக்கொண்டது, இன்னொரு பங்கை வயது எடுத்துக்கொண்டது. டயர் எடுத்ததைக் கியரில்தான் திரும்பப் பெற முடியும். வயது எடுத்ததைப் பழுதுபார்த்துத்தான் பெற முடியும். இரண்டையும் முடித்த பிறகும் போதவில்லை என்றால் எஞ்சினிடம் கூடுதலாகக் கேட்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் முதலில் பணம் போகும், பிறகு டர்போவோ கிளட்சோ போகும்.

கணக்குக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2009-இல் வந்த மஹிந்திரா ஸ்கார்ப்பியோ எம்ஹாக் நம் சாலைகளில் இன்றும் ஏராளமாக ஓடுகிறது. 2.2 லிட்டர் டர்போ டீசல், 120 குதிரைத்திறன், 1,800 முதல் 2,800 சுற்றுக்குள் 290 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதன் டயர் அளவு 235/70 ஆர்16. இந்த எண்களிலிருந்தே டயரின் உயரம் கிடைத்துவிடும்: 235-இல் 70 சதவீதம் பக்கச் சுவர், அது மேலும் கீழுமாக இரண்டு முறை, நடுவில் 16 அங்குல ரிம், மொத்தம் 735 மில்லிமீட்டர். இதை எடுத்துவிட்டு 265/75 ஆர்16 மாட்டினால் உயரம் 804 மில்லிமீட்டர் ஆகிறது. 9.3 சதவீதம் கூடுதல். சக்கரத்தின் ஆரம் நீளும்போது ஆக்சில் கொடுக்கும் அதே முறுக்கு, தரையில் அவ்வளவுக்குக் குறைந்த தள்ளுவிசையாகத்தான் போய்ச் சேரும். நெம்புகோலின் தவறான முனை நீண்டுவிட்டது போன்ற நிலை இது. அதே கியரில், அதே சுற்றில், முன்பு 100 கிலோ இழுத்த வண்டி இப்போது 91.5 கிலோதான் இழுக்கும். எஞ்சின் ஒரு குதிரைத்திறனைக்கூட இழக்கவில்லை. சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினால் பழைய எண்ணே வரும். ஆனாலும் ஐந்து கியர்களும் ஒரே அடியாக 9.3 சதவீதம் நீண்டுவிட்டன. ஒரு கியரில் 1,500 சுற்றிலிருந்து 3,000 சுற்றுக்கு ஏற 10 விநாடி எடுத்த வண்டி, காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காமலே, இப்போது ஏறத்தாழ 12 விநாடி எடுக்கும். தள்ளும் விசை குறைந்தது ஒரு காரணம். அதே சுற்றை எட்ட வண்டி கூடுதல் வேகத்துக்குப் போக வேண்டியிருப்பது இன்னொரு காரணம். இரண்டும் பெருகி வருவதால்தான் ஒன்பது சதவீத மாற்றம் ஓட்டுபவரின் காலுக்கு இருபது சதவீதச் சோர்வாகத் தெரிகிறது.

வண்டி தயாரிப்பவர்கள் இந்த உறவை எவ்வளவு கண்டிப்பாகக் காப்பாற்றுகிறார்கள் என்பதற்கு ஸ்கார்ப்பியோவே சாட்சி. 2014-இல் வந்த மாடலுக்கு 17 அங்குல ரிம் கொடுத்தார்கள். பார்வைக்குச் சக்கரம் பெரிதாகிவிட்டது. ஆனால் டயர் 235/65 ஆர்17. அதன் உயரம் 737 மில்லிமீட்டர், பழையதைவிட இரண்டே மில்லிமீட்டர் அதிகம். ரிம்மை வளர்த்தவர்கள் பக்கச் சுவரைக் குறைத்து மொத்த உயரத்தை அப்படியே நிறுத்தினார்கள். உயரத்தை உண்மையிலேயே கூட்ட வேண்டியிருந்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு அமெரிக்காவின் ஜீப் ராங்லர் ரூபிகான் சாட்சி. 33 அங்குல டயரோடு வரும் அந்த வண்டிக்கு ஆக்சில் விகிதம் 4.10. 2021-இல் தொழிற்சாலையிலேயே 35 அங்குல டயர் பொருத்தி எக்ஸ்ட்ரீம் ரீகான் என்ற தொகுப்பை விற்றபோது விகிதத்தை 4.56 ஆக்கினார்கள். டயர் ஏறத்தாழ 6 சதவீதம் வளர்ந்தது. கியரை 11 சதவீதம் குட்டையாக்கினார்கள். நல்ல நிலையிலிருந்த புத்தம் புது எஞ்சினுக்கே இந்த ஈடு தேவைப்பட்டது என்றால், பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைத்த எஞ்சினிடம் எந்த ஈடும் கொடுக்காமல் அதே வேலையை வாங்குவது நியாயமில்லை.

டர்போ டீசலில் இன்னொரு சிக்கல் உண்டு. அது சதவீதக் கணக்கில் அகப்படாது. முழு முறுக்கு 1,800 சுற்றில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே டர்போ போதிய காற்றை அழுத்துவதில்லை, முறுக்கு வேகமாகச் சரிகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்பு 1,900 சுற்றில் ஓடிய எஞ்சின், பெரிய டயரோடு அதே வேகத்தில் 1,740-இல் ஓடும். பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் டர்போ கைகொடுக்கும் இடத்திலிருந்து கைவிடும் இடத்துக்கு அது எஞ்சினைத் தள்ளிவிடுகிறது. ஓட்டுபவர் பழைய பழக்கத்தில் பழைய கியரிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். காற்று குறைவு, டீசல் அதிகம். வண்டி திணறுகிறது, கரும்புகை வருகிறது, கரி, புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் இஜிஆரிலும் இன்டேக்கிலும் படிகிறது. அந்தக் கரி அடுத்த மாதம் இழுவையை இன்னும் குறைக்கிறது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத மருந்து, ஏற்றத்திலும் முந்தும்போதும் முன்பைவிட ஒரு கியர் கீழே ஓட்டுவதுதான். ஐந்தாம் கியரைச் சமதள நெடுஞ்சாலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சுற்று ஏறினால் எஞ்சின் தேய்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 2,200 சுற்றில் சரளமாக ஓடும் டீசலைவிட 1,400 சுற்றில் முழு மிதியில் முனகும் டீசலின் பேரிங்குகளும் பிஸ்டனும் அதிகம் பாடுபடுகின்றன.

கியர் நீண்டால் சுற்று குறையும், சுற்று குறைந்தால் டீசல் மிச்சமாகுமே என்று கேட்பார்கள். எஞ்சினுக்குக் கணிசமான கையிருப்பு இருக்கும் வண்டியில், சமதளத்தில், நிதானமான வேகத்தில் இது ஓரளவு உண்மை. ஆனால் அகலமான மட் டெரைன் டயரின் உருளும் தடை அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். 2,200 கிலோ எடையுள்ள வண்டிக்கு உருளும் தடைக் கெழு 0.005 கூடினாலே 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று குதிரைத்திறனுக்கு மேல் கூடுதலாகச் செலவாகிறது. மைலேஜ் பற்றிய பேச்சில் வேறொரு மயக்கமும் கலந்திருக்கிறது, அது எதிர்ப்பக்கம் ஏமாற்றுகிறது. ஓடோமீட்டர் பழைய டயருக்குத்தான் கணக்கு வைக்கிறது. உண்மையில் 100 கிலோமீட்டர் போன வண்டி 91.5 என்று காட்டும். லிட்டருக்கு 12 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி உண்மையில் அதே 12 கொடுத்தாலும் கணக்கில் 11 என்றுதான் வரும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புகாரில் ஒரு பகுதி வெறும் எண் பிழை. ஸ்பீடோமீட்டரிலும் இதே பிழை உண்டு, அங்கே அது ஆபத்து: முள் 80 காட்டும்போது வண்டி 87-இல் போகிறது. செல்பேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒருமுறை ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்.

டயரின் எடைதான் வண்டியைக் கொல்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. இதில் உண்மை இருக்கிறது, சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ஒரு டயர் 7 கிலோ கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு 28 கிலோ. சுழலும் பொருளின் எடை முழுவதும் விளிம்பிலேயே இருந்தாலும் வேகமெடுக்கும்போது அது இரட்டிப்பாகத்தான் கணக்கில் வரும், அதற்கு மேல் வராது. 56 கிலோ என்பது ஒரு மெலிந்த ஆள் கூடுதலாக ஏறியதற்குச் சமம். கூடுதல் எடையின் உண்மையான பாதிப்பு பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் வீல் பேரிங்கிலும் தெரியும். இழுவை குறைந்ததற்கு முதல் குற்றவாளி ஆரம்தான்.

இனி வயது எடுத்துக்கொண்ட பங்கு. பழைய வண்டியை விசாரிக்கும்போது கவனமாக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். டயர் எடுத்தது எவ்வளவு என்று தாளில் கணக்கிட்டுவிடலாம். வயது எடுத்தது வண்டிக்கு வண்டி வேறுபடும், சில வண்டிகளில் டயரின் பங்கைவிட அதிகமாகவும் இருக்கும். மெல்ல மெல்லக் குறைந்ததால் உரிமையாளர் அதற்குப் பழகிப்போயிருப்பார். பெரிய டயர் வந்த பிறகுதான் அது வெளியே தெரிகிறது, பழியும் டயர் மேலேயே விழுகிறது. டர்போ டீசலில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள் வெப்பத்தில் இறுகி, கிளாம்ப் பக்கத்தில் வெடிக்கின்றன. நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது எதுவும் தெரியாது; சுமையில் அழுத்தம் ஏறும்போதுதான் வெடிப்பு வாய் திறக்கும். ஹோஸ் மடிப்பில் எண்ணெய் ஈரமும் தூசியும் கலந்த கறை, மிதிக்கும்போது ஒரு சீறல், காரணமில்லாத கரும்புகை ஆகியவை இதன் அடையாளங்கள். பாதையின் ஒரு முனையை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு கொப்புளமாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டு ஹோஸ்களின் விலைக்கு மீண்டுவரும் இழுவையைப் பார்த்தால் ரீமேப் பற்றிய பேச்சே பல இடங்களில் நின்றுவிடும்.

அடுத்தது டர்போ. அதன் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு; முன்னும் பின்னுமாக ஆடினாலோ இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ அது ஓய்வு கேட்கிறது என்று பொருள். மாறும் வேன்கள் உள்ள டர்போவில் கரி படிந்து வேன்கள் இறுகிக்கொள்ளும். வெற்றிடத்தால் இயங்கும் ஆக்சுவேட்டர் என்றால் கைப் பம்பால் வெற்றிடம் கொடுத்து, கம்பி தடங்கலில்லாமல் முழுத் தூரம் போய் வருகிறதா என்று பார்க்கலாம். பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு வெற்றிடக் குழாயின் விரிசலும் டர்போ செத்ததுபோலவே நடிக்கும், ஆகவே குழாயைப் பார்க்காமல் டர்போவைக் கழற்ற விடாதீர்கள். ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பார்த்தால், கணினி கேட்கும் அழுத்தமும் உண்மையில் கிடைக்கும் அழுத்தமும் பக்கம்பக்கமாகத் தெரியும். கேட்டது கிடைக்கவில்லை என்றால் கசிவோ டர்போவோதான் காரணம். கேட்பதே குறைவாக இருந்தால் காற்று அளவு சென்சாரோ வேறொரு சென்சாரோ பொய் சொல்கிறது. இந்தச் சோதனைக்கு மலை நல்ல இடம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர்; அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல டர்போ கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடும், நொண்டும் டர்போவால் அது முடியாது. சமவெளியில் ஒப்பேற்றும் வண்டி மேலே போய்ப் படுத்துவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் காற்றுப் பாதை மேல் விழட்டும்.

டீசல் பக்கம் பார்க்க வேண்டியவை குறைவு, ஆனால் விலை உயர்ந்தவை. டீசல் ஃபில்டரை யோசிக்காமல் மாற்றிவிடலாம். இன்ஜெக்டர்களுக்கு ரிட்டர்ன் டெஸ்ட் போதும்: நான்கின் திரும்பு குழாய்களையும் நான்கு பாட்டில்களில் விட்டு எஞ்சினை ஓட்டினால், தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மற்றவற்றைவிட விரைவாக நிரம்பும். இஜிஆர் வால்விலும் இன்டேக் மேனிஃபோல்டிலும் கரியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து தாராகப் படிந்திருக்கும்; காற்று போகும் துளை பாதியாகச் சுருங்கிய வண்டிகள் உண்டு. கழற்றிச் சுத்தம் செய்வது ஒரு நாள் வேலை. இஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள்: அது மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியை முடக்குவது, கணினியும் பல வண்டிகளில் பிழை காட்டி எஞ்சினைக் கட்டிப்போடும். புகைச் சான்றிதழ் எடுக்கும்போது தரும் காகிதத்தையும் வெறும் சடங்காக எண்ண வேண்டாம். பிஎஸ் 4-க்கு முந்தைய டீசலுக்கு ஒளி உறிஞ்சல் வரம்பு 2.45, பிஎஸ் 4-க்கு 1.62. வண்டி எவ்வளவில் தேறியது என்பதை ஆண்டுதோறும் குறித்துவைத்தால் எஞ்சினின் உடல்நிலைக்கு அதுவே ஒரு நாட்குறிப்பு. இவையெல்லாம் சரி என்ற பிறகு கம்ப்ரஷன். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சினுக்கு ஆயுள் இருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடிக்கிறது, ஒரு சிலிண்டர் தனியே கீழே நிற்கிறது என்றால் இந்த அத்தியாயத்தின் மீதி உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. எஞ்சின் வேலையை முடித்துவிட்டு வாருங்கள். முழு எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யில் எஞ்சின் எண் பதிவாகியிருப்பதை நினைவில் வைத்து, முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள்.

எஞ்சினுக்குப் பிறகும் சக்தி வழியில் களவு போகும். உயர் கியரில், நடுச் சுற்றில் முழுவதும் மிதிக்கும்போது முள் துள்ளி ஏறி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. பெரிய டயர் வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்தக் கிளட்ச் வழியே 9 சதவீதம் கூடுதல் முறுக்கு போக வேண்டும். ஆகவே பழைய கிளட்ச் பிளேட்டின் முடிவு டயர் மாற்றிய சில மாதங்களில் வருவது தற்செயல் அல்ல. பிரேக் காலிப்பர் பிஸ்டன் இறுகி, பேட் டிஸ்க்கைவிட்டு விலகாமல் உரசுவதும் பழைய வண்டிகளில் சாதாரணம். பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எது தனியே கொதிக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் முன்பும் பின்பும் அளந்துகொள்ளாவிட்டால் எது பலித்தது என்று ஒருபோதும் தெரியாது. டைனோ தேவையில்லை. வாகன நடமாட்டமில்லாத, சமமான ஒரு சாலைத் துண்டு, மூன்றாம் கியர், ஜிபிஎஸ் வேகம் 40-லிருந்து 80 வரை முழு மிதி, பக்கத்தில் இருப்பவர் கையில் விநாடி எண்ணும் செல்பேசி. போகும் திசையில் இருமுறை, வரும் திசையில் இருமுறை எடுத்துச் சராசரி காணுங்கள். பழைய டயர் இன்னும் மிச்சமிருந்தால் அதை ஒரு நாள் மாட்டியும் இதே சோதனையைச் செய்யலாம். டயரின் பங்கும் வயதின் பங்கும் அப்போது இரண்டு தனி எண்களாகக் கையில் கிடைக்கும். ஒரே நாளில் ஐந்து வேலை செய்துவிட்டு ஆறாவதாக அளப்பது வீண்.

இனி டயர் எடுத்ததைத் திரும்பப் பெறும் வழி. அதற்கு முன் டயர் கொடுத்தது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். 265/75 மாட்டியதால் வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்ந்தது உயர வித்தியாசத்தில் பாதிதான்: 34 மில்லிமீட்டர். இரண்டு விரல் அகலம். இதற்காக 8.5 சதவீத இழுவையும், அதே அளவு பிரேக் பிடிப்பும், அதே அளவு எஞ்சின் பிரேக்கும் விலையாகப் போயின. இறக்கத்தில் கியரில் வைத்து வண்டியைப் பிடித்து நிறுத்தும் விசையும் ஆரம் நீண்டால் குறையும் என்பதைப் பலர் யோசிப்பதேயில்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் இறங்கும் வண்டிக்கு, ஏறும் சக்தியைவிட இதுதான் உயிர்க்கேள்வி. ஆகவே சேற்றிலும் பாறையிலும் வண்டியை இறக்காதவருக்கு என் பரிந்துரை 245/75 ஆர்16-ஐத் தாண்ட வேண்டாம் என்பது. உயரம் 774 மில்லிமீட்டர், வித்தியாசம் 5 சதவீதம். தரை இடைவெளி 19 மில்லிமீட்டர் கூடும். வளைவில் ஃபெண்டரில் உரசும் வாய்ப்பும் குறைவு. சுமைக் குறியீடு பழைய டயரைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் குறித்த விவரங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும் வண்டியை ஆய்வாளர் நேரில் பார்ப்பார். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனமும் பார்க்கும். தயாரிப்பாளரே அந்த மாடலின் ஏதாவது ஒரு வகைக்குக் கொடுத்த அளவுக்குள் நிற்பதே பாதுகாப்பு. மற்ற எந்த மாற்றத்துக்கும், இனி சொல்லப்போகும் கிரவுன் பினியனுக்கும் ரீமேப்புக்கும் உட்பட, இந்தக் கேள்வி பொருந்தும். செலவழிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

காட்டுப்பாதைக்கும் தோட்ட வேலைக்கும் பெரிய டயர் உண்மையிலேயே வேண்டும் என்பவருக்கு நேரான தீர்வு ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் பற்சக்கர ஜோடியின் விகிதத்தை மாற்றுவது. உங்கள் விகிதத்தை டயர் வளர்ந்த மடங்கால் பெருக்குங்கள்: 3.73 விகிதமுள்ள ஒரு ஆக்சிலை 1.093-ஆல் பெருக்கினால் 4.08, கடையில் கிடைக்கும் 4.10 அதற்குச் சரியான துணை. விகிதம் தெரியாவிட்டால், சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலாக்கி, கைப் பிரேக்கைத் தளர்த்தி, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். கிரவுனும் பினியனும் ஜோடியாகப் பிறந்தவை, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பேக்லாஷும் பினியன் பேரிங் இறுக்கமும் பல் பதியும் தடமும் அளந்து பொருத்தத் தெரிந்த கை வேண்டும். தெரியாத கை பொருத்தினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஊளையிடும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும் ஒரே விகிதம் கட்டாயம். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் இரண்டு ஆக்சில்களும் ஒன்றையொன்று முறுக்கி டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். செலவு ரீமேப்பைவிடப் பல மடங்கு என்பது சரியான ஆட்சேபம். ஆனால் இந்தச் செலவு எஞ்சினின் மீது ஒரு கிலோ சுமையைக்கூட ஏற்றுவதில்லை, கிளட்சின் பாரத்தைக் குறைக்கிறது, எஞ்சின் பிரேக்கைத் திருப்பிக் கொடுக்கிறது, எல்லாக் கியர்களிலும் எல்லாச் சுற்றிலும் வேலை செய்கிறது. வேக சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள வண்டியில் ஸ்பீடோமீட்டர் பிழையும் கூடவே தீரும். சக்கரப் பிரேக்கின் இழப்பு மட்டும் அப்படியே இருக்கும் என்பதால் டிஸ்க்கையும் பேடையும் புதிதாக வைத்துக்கொள்ள வேண்டும். மெல்ல ஏறும் காட்டுவழிக்கு மட்டும்தான் இழுவை போதவில்லை என்றால் இந்தச் செலவும் தேவையில்லை. நான்கு சக்கர இயக்கத்தின் தாழ் கியரான ஃபோர் லோ இருக்கும் வண்டியில் அது விசையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குகிறது, 8.5 சதவீதம் அங்கே ஒரு பொருட்டே அல்ல.

கோன் ஃபில்டரையும் பெரிய சைலன்சரையும் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. டீசல் எஞ்சினின் சக்தியைத் தீர்மானிப்பது கணினி விடும் டீசலின் அளவு. டீசல் கூடாமல் காற்றுப் பாதையை மட்டும் திறந்தால் சத்தம்தான் கூடும். திறந்த வகை ஃபில்டர் எஞ்சின் அறையின் சூடான காற்றை இழுக்கும். எண்ணெய் தடவிய வகை காற்று அளவு சென்சாரை அழுக்காக்கும். நுண்ணிய மண் தூசி உள்ளே போனால் டர்போ இறக்கையும் பிஸ்டன் ரிங்கும் தேயும். மண்சாலையில் ஓடும் பழைய வண்டிக்குக் கம்பெனி காகித ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதைவிட நல்ல காற்றுப் பாதை கிடையாது. ஸ்னார்க்கல் தண்ணீருக்கும் தூசிக்கும் நல்லது. சக்திக்காக அதை வாங்க வேண்டாம்.

கடைசியாக ரீமேப். காமன் ரெயில் டீசலில் மென்பொருளை மாற்றினால் முறுக்கு உண்மையாகவே கூடும், அதை மறுப்பது நேர்மையில்லை. ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. டர்போ எழாத 1,800-க்குக் கீழே மென்பொருளால் காற்றை உண்டாக்க முடியாது. பெரிய டயர் கெடுத்ததோ பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். 1,800-க்கு மேலே கூடும் முறுக்கு, இரண்டு லட்சம் கிலோமீட்டர் உழைத்த டர்போ தண்டு, ஹெட் கேஸ்கட், 290 நியூட்டன் மீட்டருக்கென்று செய்த கிளட்ச், கியர்பாக்ஸ் பேரிங் ஆகியவற்றின் வழியாகத்தான் சாலைக்கு வந்தாக வேண்டும். ஹோஸ் கசிவோடு ரீமேப் செய்த வண்டியில் கணினி கூடுதல் அழுத்தம் கேட்கும், டர்போ அளவுக்கு மீறிச் சுழன்று அதைத் தர முயலும், கசிவு விழுங்கும். புகைவாயுவின் சூடு மட்டும் மிஞ்சும். ஆகவே கம்ப்ரஷன், ரிட்டர்ன் டெஸ்ட், கசிவுச் சோதனை மூன்றின் அளவுகளும் எழுத்தில் இருக்கும் வண்டிக்கு, புதிய கிளட்ச் போட்ட பிறகு, சுத்தமான கூலன்ட்டோடும் ஆயிலோடும் மட்டும் இதைச் செய்யலாம். செய்பவரிடம் உச்ச எண்ணைக் கேட்காதீர்கள். 1,800-க்குக் கீழே டீசலைக் கூட்டாமல், நடுச் சுற்றில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு வண்டியைப் பொதுவாக ஏற்றும் சுமையோடு ஒரு மலை ஏற்றி, கூலன்ட் முள்ளையும் பின்னால் வரும் புகையையும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனியின் மூல ஃபைலை எழுதுவதற்கு முன்பே நகலெடுத்து ஒரு பென்டிரைவில் உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.